டாக்வுட் ஏரியின் டோனட்காரி

ஜூன் 14, சனி

நேற்று மில் க்ரீக் பூங்காவிலிருந்து கிளம்பி டாக்வுட் ஏரிக்கு வந்து சேர்ந்தோம். போன முறை இருந்த இடம் கிடைக்கவில்லை. இது அதைவிட நல்லது, தண்ணீர்க் குழாய் பக்கத்திலேயே இருக்கிறது. போன முறை என் கணவன் ராய்ஸ் பெயரில் பதிந்தோம், இந்த முறை என் பெயரில். எந்தப் பூங்காவிலும் ஒரே பெயரில் இரண்டு வாரத்துக்கு மேல் கூடாரம் போட விடமாட்டார்கள். இரண்டு பூங்கா, இரண்டு பெயர். "நமக்கு நாலு வீடு" என்கிறான் ராய்ஸ். அவனுக்கு எல்லாமே விளையாட்டு.

பக்கத்து இடத்தில் பஸ் நீளத்துக்கு, உள்ளேயே சமைத்துப் படுக்கிற ஒரு கேம்பர் வண்டி. அதன் முன்னால், காருக்குப் பின்னால் இழுத்துவந்து கூடாரமாக விரிக்கும் எங்கள் மடக்கு ட்ரெய்லர் நனைந்த கோழி மாதிரி நிற்கிறது. மத்தியானம் அந்த வண்டிக்காரப் பெண் எலுமிச்சைச் சாறு ஒரு ஜாடி எடுத்துக்கொண்டு வந்தாள். பெயர் கெல்சி. முப்பது வயதைத் தாண்டியிருக்காது. இரண்டு பெண் குழந்தைகள் அவள் காலைச் சுற்றிக்கொண்டு நின்றன.

"லீவுக்கு வந்தீங்களா? எவ்வளவு நாள் இருப்பீங்க?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் சொன்னேன்: "வீட்ல சமையலறையை இடிச்சுக் கட்டிக்கிட்டிருக்கோம். ஒரே தூசி. அதான் வேலை முடியற வரைக்கும் இங்க."

எங்கிருந்து வந்தது இந்தச் சமையலறை? ஒரு வினாடிக்கு முன்னால்வரை அது என் மனதிலேயே இல்லை.

ட்ரெய்லர் காலுக்குக் கட்டை வைத்துக்கொண்டிருந்த ராய்ஸ் கையை நிறுத்திவிட்டான். அவள் போன பிறகுதான் வாயைத் திறந்தான்.

"எந்த வீட்டுச் சமையலறை, டார்லா?"

"பின்ன என்ன சொல்லச் சொல்ற?"

"இருக்கறதைச் சொல்லு. குடியிருந்த வாடகை வீட்டை வித்துட்டாங்க, வேற வீடு சிக்கல, இப்ப இதுதான் வீடுன்னு. நான் எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்றேன். யாரும் மயக்கம் போட்டு விழல."

அவனால் முடிகிறது. என்னால் முடியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இன்று டோனட் போட்டேன்.

கடையில் குளிர்பெட்டியில் பிஸ்கட் என்று விற்கும் மெத்தென்ற ரொட்டி மாவு டப்பா ஐஸ் பெட்டியில் கிடந்தது. டப்பாவைச் சுற்றியிருக்கும் காகிதத்தை உரித்து, மடிப்பில் கரண்டிக் காம்பால் ஓர் அழுத்து. டப்பென்று வெடித்து மாவு பிதுங்கும். எத்தனை தடவை செய்திருந்தாலும் தூக்கிவாரிப் போடும். கெல்சியின் பெண்கள் அந்தச் சத்தத்துக்கே ஓடிவந்துவிட்டார்கள். வட்ட வட்டமாக இருக்கும் மாவின் நடுவில் சோடா பாட்டில் மூடியால் ஓட்டை போடும் வேலையை அவர்களிடம் கொடுத்தேன். இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் ஒவ்வொன்றாக விட்டேன். இரண்டு பக்கமும் சிவந்ததும் எடுத்து, சர்க்கரையும் பட்டைப்பொடியும் போட்ட காகிதப் பையில் தள்ளிக் குலுக்கவேண்டும். குலுக்குவதற்குப் பெரிய சண்டை.

ஓட்டையிலிருந்து விழுந்த குட்டி உருண்டைகளையும் பொரித்துக் கொடுத்தேன். சின்னவள் வாயெல்லாம் சர்க்கரையோடு, "மிஸ் டார்லா, உங்க வீட்லயும் இப்படித்தான் செய்வீங்களா?" என்றாள்.

"ஆமாண்டி கண்ணு" என்றேன்.

சூடு ஆறுவதற்குள் தட்டு காலி. ஏரிக்கரை வழியாக நடந்து போனவர்கள்கூட நின்று ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்து நாலு பேர் சந்தோஷமாகச் சிரித்தார்கள். நானும் லீவுக்கு வந்தவள் மாதிரியே இருந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

வேலையிலிருந்து திரும்பும்போது பெட்ரோல் பங்கு கழிப்பறையில் சீருடையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்தேன். முதியோர் இல்லத்தில் துணி துவைப்பது என்ன திருட்டா? கெல்சி பார்த்துவிடக்கூடாதாம். சீ.

ஜூன் 19, வியாழன்

கெல்சி போனை எடுத்துக்கொண்டு வந்தாள். அவளும் போன வருடம்தான் சமையலறை மாற்றினாளாம். அலமாரிகளுக்கு என்ன நிறம், கல் மேடையா மர மேடையா, எந்தக் கடை — கேள்வி மேல் கேள்வி. நானும் விடாமல் பதில் சொன்னேன். அலமாரி வெளிர்பச்சை. தொட்டிக்கு மேலே பெரிய ஜன்னல். அடுப்பு மூலையில் இருந்தது, இப்போது நடுவில். ராய்ஸுக்கு முதுகு வலி என்பதால் கீழ் அலமாரியெல்லாம் குனியாமல் எடுக்கிற மாதிரி இழுப்பறை.

சொல்லச் சொல்ல அந்த அறை கண்முன்னால் நின்றது. பச்சை அலமாரியின் கைப்பிடிகூடத் தெரிந்தது.

ராய்ஸ் லாரி ஓட்டின காலத்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். ராத்திரிச் சாப்பாட்டில், "ஜன்னலுக்குத் திரைச்சீலை என்ன நிறம்?" என்று மட்டும் கேட்டான். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

பின்னாலேயே வந்தான். "கேலி பண்ணல, டார்லா. உனக்கு அப்படி ஒண்ணு வேணும்னு எனக்குத் தெரியாம போச்சே, அதான்."

இதற்குக் கேலியே பண்ணியிருக்கலாம்.

ஜூன் 21, சனி

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

டோனட் பேச்சு பரவியிருந்ததால் இன்று பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் கூடிவிட்டார்கள். கெல்சியே டப்பாக்களை வாங்கி வந்திருந்தாள். எண்ணெய்ச் சட்டிப் பக்கம் இத்தனை குழந்தைகள் வேண்டாம் என்று குச்சிக் கிண்ணம் செய்ய வைத்தேன். பருத்த குச்சியின் நுனியில் மாவை மூடி மாதிரி அழுத்திச் சுற்றி, கங்குக்கு மேலே மெள்ளத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். தீ நாக்குப் பட்டால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். பொறுமையாகச் சுட்டால் குச்சியிலிருந்து கிண்ணம்போலக் கழன்று வரும். வெண்ணெய் தடவி, சர்க்கரையில் புரட்டி, உள்ளே ஜாமோ கிரீமோ நிரப்பிக்கொள்ளலாம். பாதிப் பேருக்குக் கருகிவிட்டது. கருகினதையும் தின்றார்கள்.

பெரியவர்கள் சுற்றி நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அட, டார்லா! நீயும் இங்கதான் வந்தியா? மில் க்ரீக்ல பண்ணினியே, அதே ஐட்டம்தானே இது?"

ட்வைலா.

ட்வைலா ஊதா வேனில் இருக்கிறவள். மேஜர் என்று ஒரு கிழட்டுச் சாம்பல் பூனை வைத்திருக்கிறாள். மில் க்ரீக்கில் எங்களுக்கு அடுத்த இடத்தில் இருந்தாள். மழை பெய்த இரண்டு நாளும் எங்கள் கூரைத் துணிக்குக் கீழே உட்கார்ந்து ராய்ஸோடு சீட்டாடினாள். அவளும் எங்களை மாதிரித்தான், பூங்கா பூங்காவாகச் சுற்றுகிறாள். இரண்டு வாரம் தன் பெயர், இரண்டு வாரம் தங்கை பெயர். அந்த யோசனையை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

கெல்சி என்னைப் பார்த்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ட்வைலாவின் செருப்பில் ஒரு வார் அறுந்து கயிறு கட்டியிருந்தது. எனக்கு அந்தக் கயிறுதான் கண்ணில் பட்டது.

"நீங்க வேற யாரையோ நெனச்சுக்கிட்டுப் பேசறீங்க" என்றேன். "எனக்கு உங்களைத் தெரியாதே."

சொல்லிவிட்டு ஒரு காகிதத் தட்டை எடுத்து, அதில் ஒரே ஒரு கிண்ணத்தை வைத்து அவளிடம் நீட்டினேன். சிரித்துக்கொண்டே நீட்டினேன். ஐயோ, ஏன் சிரிச்சேன்?

ட்வைலா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தட்டை வாங்கிக்கொண்டாள். "ஆமாங்க. ஆள் மாறிப்போச்சு. கண்ணு சரியில்ல எனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்காகப் பொய் சொல்லிவிட்டுப் போனாள்.

அப்புறம் கெல்சி கேட்டாள்: "தெரியாதுங்கறீங்க, அவங்களுக்கு உங்க பேர் எப்படித் தெரிஞ்சுது?"

"குழந்தைங்க மிஸ் டார்லா, மிஸ் டார்லான்னு கத்தறது ஏரிக்கு அந்தப் பக்கம்கூடக் கேக்குமே."

எல்லாரும் சிரித்தார்கள். பொய் எனக்கு இவ்வளவு சரளமாக வரும் என்று தெரியாது.

நல்லவேளை, ராய்ஸ் அப்போது படகுத்துறையில் இருந்தான்.

ஜூன் 22, ஞாயிறு

இன்னும் கேவலமான ஒன்று.

காலையில் பூங்காக் காவலர் ஹாலிஸ் ரோந்து வந்தார். சாதுவான மனிதர். எதையும் ரொம்பத் துருவமாட்டார். காலைக் காப்பிக்குக் கூடியிருந்த பத்துப் பேர் முன்னால் கெல்சி அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஊதா வேன்காரங்க இங்கயே குடியிருக்கற மாதிரி இருக்கே சார். துணியெல்லாம் காயப்போட்டிருக்காங்க. குழந்தைங்க ஓடியாடற இடம் இது. நேத்து மிஸ் டார்லாகிட்ட வந்து ஏதோ தெரிஞ்சவங்க மாதிரி பேசினாங்க, பாவம் இவங்க பயந்தே போயிட்டாங்க."

நான் பயந்தது உண்மை. எதற்கு என்பதுதான் வேறு.

ஹாலிஸ் என் பக்கம் திரும்பினார். அவருக்கு இதில் இஷ்டமே இல்லை, முகத்தில் தெரிந்தது. "ஏதாச்சும் தொந்தரவா மேடம்?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு போயே போயிருப்பார். ஆனால் அவள் இங்கேயே இருந்தால் இன்னொரு நாள் வந்து இன்னொன்று சொல்வாளே, கெல்சி முன்னால் எல்லாம் வெளிவந்துவிடுமே என்றுதான் மண்டைக்குள் ஓடியது. 

"அவங்க இரண்டு வாரத்துக்கு மேலயே இருக்காங்கன்னு நெனக்கிறேன்" என்றேன். "வேற யார் பேர்லயோ மறுபடி பதிஞ்சு இருக்காங்க போல. தங்கச்சி பேரோ என்னவோ."

ஹாலிஸ் பேனாவை எடுத்தார். கண் என்னையே பார்த்தது. "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"யாரோ பேசிக்கிட்டாங்க."

"நல்ல வேளை சொன்னீங்க" என்று கெல்சி என் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

என் ட்ரெய்லர் யார் பெயரில் நிற்கிறது? போன முறை யார் பெயரில் நின்றது?

ஜூன் 23, திங்கள்

வேலைக்குப் போகும்போது வேன் இருந்தது. திரும்பி வந்தபோது இல்லை. புல்லில் சக்கரத் தடம் மட்டும்.

ஜூன் 24, செவ்வாய்

ராய்ஸுக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் யாரோ, உங்க வீட்டம்மா தைரியமாச் சொன்னாங்க, நல்ல காரியம் பண்ணினாங்க என்று பாராட்டியிருக்கிறார்கள்.

திட்டுவான் என்று காத்திருந்தேன். வாளியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். "நம்ம ட்வைலாவையா?" என்று மட்டும் கேட்டான்.

நான் தலையாட்டினேன்.

அவன் வாயில் ஜோக் இல்லாமல் ஒரு முழு நாள் போனது இதுவரை கிடையாது. முதுகு ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோதுகூட நர்ஸைச் சிரிக்க வைத்தவன்.

ஜூன் 26, வியாழன்

கெல்சி குடும்பம் ஊருக்குக் கிளம்பியது. குழந்தைகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். கெல்சி ஒரு பொட்டலம் கொடுத்தாள். "உங்க புதுச் சமையலறைக்கு" என்றாள். பிரித்துப் பார்த்தால் கை துடைக்கும் துண்டுகள். வெளிர்பச்சை. அலமாரி நிறத்துக்குப் பொருத்தமாகத் தேடி வாங்கியிருக்கிறாள்.

அவள் கெட்டவள் இல்லை. அவளிடம் முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள்? தெரியாது. நான் அவளுக்கு அந்த வாய்ப்பையே கொடுக்கவில்லை.

துண்டுகளை வாங்கிக்கொண்டேன். நன்றி சொன்னேன். வண்டி வளைவில் மறையும்வரை கை ஆட்டினேன்.

ஜூன் 27, வெள்ளி

கடைசி நாள். ஹாலிஸ் வந்தார், ட்ரெய்லர் கதவருகே நின்று தொப்பியைக் கழற்றினார்.

"மேடம், போன தடவை இந்த ட்ரெய்லர் உங்க வீட்டுக்காரர் பேர்ல இருந்துச்சு. எனக்குத் தெரியும். அந்த வேனும் எனக்குத் தெரியும். யாருக்கும் இடைஞ்சல் இல்லாம இருந்தா நான் கண்டுக்கறதில்ல. எங்க போவீங்க எல்லாரும்?" தொப்பியைக் கையில் திருப்பினார். "ஆனா பத்துப் பேர் முன்னால ஒரு புகார் வந்துடுச்சு. நான் எழுதி மேல அனுப்ப வேண்டியதாப் போச்சு. இனிமே பேரைப் பாக்காத, வண்டி நம்பரைப் பாருன்னு உத்தரவு. ரெண்டு பூங்காவுக்கும்தான். சீசன் முடியற வரைக்கும் உங்களுக்கு இடம் தர முடியாது மேடம்."

ராய்ஸ் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்க மேல தப்பு இல்ல ஹாலிஸ்" என்றான்.

ஹாலிஸ் போகாமல் நின்றார். "இன்னொண்ணு. அந்தம்மா காலி பண்ற அவசரத்துல அவங்க பூனை வெளிய குதிச்சு ஓடிடுச்சு. பொழுது சாயற வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. சாம்பல் நிறம். எங்கயாச்சும் கண்ணுல பட்டா சொல்லுங்க."

ஜூன் 30, திங்கள்

பெரிய கடையின் வண்டி நிறுத்தத்தில் இருக்கிறோம். கேட்டுக்கொண்டுதான் நின்றோம். ட்ரெய்லரை விரிக்கக்கூடாது என்றார்கள். காரிலேயே தூக்கம். ராய்ஸால் காலையில் நிமிர முடியவில்லை, கையைப் பிடித்துத் தூக்கினேன். "இரு, இரு, கெழவன் துரு பிடிச்சிருக்கான்" என்றான். இத்தனை நாளில் முதல் ஜோக். நான் அழுதுவிட்டேன்.

ஜூலை 2, புதன்

வேலை முடிந்ததும் டாக்வுட் போனேன். பகலில் வந்து போக யாரும் தடுப்பதில்லை. மீன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே "மேஜர், மேஜர்" என்று கூப்பிட்டேன். ஒன்றுமில்லை.

ஜூலை 4, வெள்ளி

ராய்ஸும் வந்தான். கரையெல்லாம் சுதந்திர தின விடுமுறைக் கூட்டம், வாணவேடிக்கைக்கு இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தச் சத்தத்தில் எந்தப் பூனை வெளியே வரும்?

ஜூலை 9, புதன்

இல்லை. ஹாலிஸ் குப்பைத் தொட்டிகள் பக்கம் ஒரு கிண்ணத்தில் தீனி வைத்துவருகிறாராம். அணில்தான் தின்கிறது என்றார்.

ஜூலை 12, சனி

ட்வைலாவைப் பார்த்தேன்.

ஊருக்குள் காசு போட்டுத் துவைக்கும் கடைக்குப் போயிருந்தேன். உலர்த்தும் இயந்திரத்திலிருந்து துணியை எடுத்து மடித்துக்கொண்டு நின்றாள். இப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததையும் எழுதிவைக்கிறேன்.

கிட்டே போய், "ட்வைலா, ஹாலிஸ்கிட்ட சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியும்." மடிப்பதை நிறுத்தவில்லை. "டோனட் போடற அம்மா சொன்னாங்கன்னு அந்த ஆளே சொன்னான். அவனுக்குப் பொய் சொல்ல வராது."

"எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. நான்..."

"நீ பயந்துட்ட. அது எனக்குப் புரியுது. நானும் பயந்தவதான். பயத்துல நானும் என்னென்னமோ பண்ணியிருக்கேன்." ஒரு தலையணை உறையை உதறினாள். "ஆனா காகிதத் தட்டுல ஒண்ணே ஒண்ணை வெச்சு நீட்டின பாரு. கையேந்தி வந்தவளுக்கு நீட்டற மாதிரி. மில் க்ரீக்ல நாம மூணு பேரும் ஒரே சட்டியில கையை விட்டுத் தின்னோம், டார்லா. சூடு தாங்காம நீ என் கப்புல விரலை முக்கின. அதை நெனச்சாத்தான் எனக்கு எரியுது."

நான் பூனைப் பேச்சை எடுத்தேன்.

"மேஜரைத் தேடிக்கிட்டுதான்..."

"வேணாம்." முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "அவன் பேரை நீ சொல்லாத."

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். என் துணி அழுக்காகவே பையில் இருந்தது. துவைக்காமலேயே திரும்பி வந்தேன். 

ஜூலை 13, ஞாயிறு

ராய்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே. "மன்னிச்சாளா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "சரி" என்றான். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

ஜூலை 24, வியாழன்

ஒரு நல்ல சேதி. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் நாடின் என்ற அம்மாள் சொந்தமாகக் கேம்பிங் இடம் நடத்துகிறாள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், வாயில் எப்போதும் ஈர்க்குச்சி. ராய்ஸ் நேராகப் போய், எங்களுக்கு வீடு இல்லை, ட்ரெய்லர் இருக்கிறது, எனக்கு முதுகு போச்சு ஆனால் மோட்டார், குழாய் எல்லாம் பார்ப்பேன், என் மனைவி இரண்டு ஆள் வேலை செய்வாள் என்று சொல்லியிருக்கிறான்.

நாடின் எங்கள் ட்ரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "குளிர் காலத்துலயும் இருப்பீங்களா? பொங்கித் தின்னு, பனி பெஞ்சா வழியிலேர்ந்து அள்ளித் தள்ளி, ராத்திரி யாராச்சும் வந்தா எழுந்து பாக்கணும். இடத்துக்குக் காசு வேணாம்."

இருப்போம் என்றோம். உண்மையைச் சொன்னவனுக்கு அரை மணியில் இடம் கிடைத்துவிட்டது. நான் இரண்டு வாரமாகச் சமையலறை கட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

குளியலறைகளையும் முன்கடையையும் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும் என்றாள் நாடின். "பொம்பளையா இருந்தா நல்லது. யாராச்சும் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். "ட்வைலான்னு ஒருத்தங்க. வேன்ல இருக்காங்க. சுத்தமா இருப்பாங்க, வாய்க்கு வாய் பேசமாட்டாங்க. அவங்க முன்ன இருந்த இடத்தை இழந்தது என்னாலதான். அதனால கூப்பிட்டா வருவாங்களான்னு தெரியல."

நாடின் ஈர்க்குச்சியை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றினாள். "நான் வேலைக்குத்தானே கூப்பிடறேன். உன் கல்யாணத்துக்கா கூப்பிடறேன்?"

ராய்ஸ்தான் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். என்னைப் பற்றி ஏதும் கேட்டாளா என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

ஊதா வேன் உள்ளே வந்தது. நாடின் காட்டிய இடம் எங்களுக்கு நேர் பக்கத்தில். ட்வைலா இறங்கினாள், ராய்ஸைப் பார்த்துத் தலையசைத்தாள், என்னைத் தாண்டிப் போய்த் தண்ணீர்க் குழாயைப் பொருத்தினாள்.

ஆகஸ்ட் 20, புதன்

"துடைப்பம் எங்க?" என்றாள் ட்வைலா இன்று. காட்டினேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

உழைப்பாளர் தின விடுமுறைக் கூட்டம் நேற்றோடு கலைந்தது. குளியலறைகள் இரண்டு நாளில் பன்றித்தொழுவமாகிவிட்டன. ட்வைலா ஒருத்தியாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குள் போனேன். அவளும் போ என்று சொல்லவில்லை. வேலை முடியும்வரை சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இன்று நாடின் கேட்டாள்: "நீ டோனட் போடுவியாமே. ராய்ஸ் சொன்னான். வர்றவங்களுக்கு சனிக்கிழமைல போடேன்."

எண்ணெய்ச் சட்டியைத் தொடவே பிடிக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 18, வியாழன்

கெல்சிக்குக் கடிதம் எழுதினேன். கிளம்பும்போது அவள் தந்த முகவரி இருந்தது. சமையலறை இல்லை என்று எழுதினேன், ட்வைலா யார் என்றும் எழுதினேன். பதில் வராவிட்டால் பரவாயில்லை. தபாலில் போட்டுவிட்டேன்.

அக்டோபர் 6, திங்கள்

பதில் வரவில்லை.

அக்டோபர் 11, சனி

இலையெல்லாம் சிவந்துவிட்டது. அதைப் பார்க்கவே ஊர்ப்பட்ட வண்டிகள். நாடின் விடவில்லை. ஏதாவது இனிப்புப் போட்டே ஆகவேண்டும் என்றாள். டோனட் வேண்டாம், பிய்த்துத் தின்கிற ரொட்டி செய்கிறேன் என்றேன்.

பிஸ்கட் மாவு வட்டங்களை நாலு நாலாக வெட்டி, சர்க்கரையும் பட்டைப்பொடியும் போட்டுக் குலுக்கி, கனத்த இரும்புப் பாத்திரத்தில் குவித்தேன். வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் உருக்கி மேலே ஊற்றி மூடி, கங்கு அடுப்பில் வைத்து மூடிமேலும் கங்கு பரப்பினேன். பாகு கொதித்து மாவுக்குள் இறங்கவேண்டும். அடி பிடித்தால் எல்லாம் கசந்துவிடும்.

ட்வைலா கடையைச் சாத்திவிட்டு வந்தாள். அடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அடியில கங்கு ஜாஸ்தி. கருகற வாசனை வருது. பாதியை மேல தூக்கு."

தூக்கினேன். அவள் சொன்னது சரி. ஓரத்தில் மட்டும் லேசாகப் பிடித்திருந்தது.

மூடியைத் திறந்ததும் சுற்றி நின்றவர்கள் ஓவென்று கத்தினார்கள். பெரிய மரத்தட்டில் கவிழ்த்து நடுவில் வைத்தேன். யாருக்கும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவரவரே பிய்த்துக்கொண்டார்கள். ட்வைலா எட்டி ஒரு துண்டைப் பிய்த்தாள், சூட்டில் கையை உதறினாள், ஊதி ஊதித் தின்றாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

வெளியூர்ப் பெண் ஒருத்தி, குளிருக்குத் தலையில் கம்பளிக் குல்லாய், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?"

என்ன சொல்வது? எனக்கு அதைச் சொல்ல என்ன பாத்தியதை இருக்கிறது? 

ட்வைலா விரலில் ஒட்டிய பாகை நக்கிக்கொண்டே சொன்னாள்: "இல்லீங்க. பக்கத்து வீடு."

அந்தப் பெண் எங்கள் ட்ரெய்லரையும் ஊதா வேனையும் பார்த்தாள். அப்படியா என்று சொல்லிவிட்டு, இன்னொரு துண்டு பிய்த்துக்கொண்டாள்.